35 வருஷ டவுன்லோடும் ஒரு சின்னப் பெட்டியும்



மூளை வரைபடம் பத்தின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெயில்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்வி: "இவ்வளவு பெரிய டேட்டாவை ஒரு பிரவுசர்ல எப்படிக் காட்டுறாங்க? பின்னாடி என்ன சர்வர் இருக்கு?" கேள்வி ரொம்ப நியாயமானது. எபிசோடுல அதுக்கு நேரம் இல்லை. அதனால இந்த வாரக் கடிதம் முழுக்க அதுதான். கூடவே, யாங்கூன்ல நாங்க வச்சிருக்கிற ஒரு சின்ன சர்வரோட கதையும் இருக்கு. நம்ம தாத்தா பாட்டிங்க ரங்கூன்னு சொல்வாங்களே, அதே ஊர்தான்.

டொரன்டோவிலோ லண்டன்லயோ உக்காந்து படிக்கிறவங்களுக்கு "டேட்டா ஓப்பன்னா கிளிக் பண்ணினா வந்துடும்"னு தோணும். இங்க அப்படி இல்லை. அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

முதல்ல அளவு புரியட்டும்

2024 மே மாசம் சயன்ஸ் இதழ்ல ஹார்வர்டின் லிக்ட்மன் ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து ஒரு மனித மூளைத் துணுக்கின் படத்தை வெளியிட்டாங்க. அளவு சுமார் 1 கன மில்லிமீட்டர், அரிசி மணியில் பாதி. அதுக்குள்ள சுமார் 57,000 செல்கள், 15 கோடி சினாப்ஸ்கள். இந்தத் துணுக்கை 5,000-க்கும் மேற்பட்ட மெல்லிய சீவல்களாக வெட்டி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தாங்க. மொத்த டேட்டா 1.4 பீட்டாபைட், அதாவது 14 லட்சம் ஜிபி.

இப்போ ஒரு கணக்கு. உங்க வீட்டு இணைப்பு 10 எம்பிபிஎஸ்னு வச்சுக்குவோம். ராத்திரி பகல் நிக்காம ஓடினாலும், அந்த அரை அரிசியை டவுன்லோட் பண்ண 35 வருஷம் ஆகும். உங்க பிள்ளைக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் முடியும்.

அதே வருஷம் அக்டோபர்ல நேச்சர் இதழ்ல ஃப்ளைவயர் வந்தது. ஒரு பழ ஈயோட முழு மூளை. கசகசா அளவுதான், ஆனா 1,39,255 நியூரான்கள், 5 கோடிக்கு மேல சினாப்ஸ்கள். டிசம்பர் 10-ஆம் தேதி நம்ம சென்னையிலிருந்து ஒண்ணு வந்தது. ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் "தரணி"ங்கிற பேர்ல கருவில் வளரும் மனித மூளையின் முப்பரிமாண அட்லஸை வெளியிட்டது. செல் அளவுக்குத் தெளிவாக எடுத்த 5,132 சீவல்கள். யார் வேணும்னாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஒரே வருஷத்துல மூணு பெரிய வேலை. மூணுக்கும் அடியில இருக்கிற பொறியியல் கேள்வி ஒண்ணுதான்: முழுசா யாராலும் இறக்கிக்க முடியாத ஒரு பொருளை, எல்லாரும் எப்படிப் பார்ப்பது?

தட்டு வேண்டாம், துண்டு போதும்

போட்டோவில் இருக்கிற ஒரு புள்ளி பிக்சல். அதுக்கு ஆழமும் சேர்த்தா வாக்சல். நீளம், அகலம், ஆழம்னு மூணு பக்கமும் வாக்சல்கள் அடுக்கி வச்ச ஒரு கட்டிதான் வால்யூம் டேட்டா. ஸ்கேன் சென்டர்ல எடுக்கிற எம்ஆர்ஐ ஒரு வால்யூம். மூளையின் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் ஒரு வால்யூம். புயலுக்குள்ள காத்து எந்த உயரத்துல எவ்வளவு வேகமா அடிக்குதுங்கிற மாடலும் வால்யூம்தான்.

மைசூர்பாகு தட்டை நினைச்சுக்கோங்க. கடைக்காரர் தட்டோட தூக்கிக் கொடுக்க மாட்டார். சூடா இருக்கும்போதே கோடு போட்டு வெட்டி வச்சிருப்பார். நீங்க நாலு துண்டு கேட்டா நாலு துண்டு வரும். வால்யூம் சர்வரோட மொத்த ரகசியமும் இவ்வளவுதான். வாடிக்கையாளர் வந்தபிறகு வெட்ட ஆரம்பிச்சா கூட்டம் சேர்ந்துடும். முன்கூட்டியே வெட்டி வச்சா, கேக்கும்போது எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான்.

இந்தத் துறையில அதிகம் புழங்குற பார்வைக் கருவி நியூரோகிளான்சர். கூகுளில் ஜெரமி மெய்டின்-ஷெப்பர்ட் எழுதினது. திறந்த மூல மென்பொருள், முழுக்க பிரவுசருக்குள்ளயே ஓடும். அதோட சொந்த டேட்டா வடிவத்துக்குப் பேரே "ப்ரீகம்ப்யூட்டட்", முன்னாடியே கணக்குப் போட்டு வச்சது. ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள "இன்ஃபோ"ன்னு ஒரு சின்ன ஜேசான் கோப்பு, மீதியெல்லாம் துண்டுகள். துண்டோட பேரே அதோட முகவரி. மூணு திசையிலும் முதல் 64 வாக்சல்கள் இருக்கிற துண்டுக்குப் பேர் 0-64_0-64_0-64. பிரவுசர் இன்ஃபோ கோப்பைப் படிக்கும், நீங்க எந்த இடத்தைப் பார்க்குறீங்கன்னு கணக்குப் போடும், அந்தப் பேர்ல இருக்கிற துண்டுகளை மட்டும் கேட்கும்.

கவனிச்சீங்களா? சர்வர் யோசிக்கவே இல்லை. டேட்டாபேஸ் கிடையாது, பின்னணியில் ஓடும் புரோகிராம் கிடையாது. கோப்பைக் கேட்டா கோப்பைக் கொடுக்கும், அவ்வளவுதான். இந்த எளிமையாலதான் யாங்கூன்ல இதைச் செய்ய முடிஞ்சது.

யாங்கூன்ல ஏன் தனியா ஒரு சர்வர்?

மியன்மாருக்குப் பெரிய கடலடி கேபிள்கள் நுவே சாங் கடற்கரை வழியா வருது. சீ-மீ-வீ 5, ஏஏஇ-1 ரெண்டும் அங்கதான் கரையேறுது. கேபிள் இருக்கு. ஆனா கேபிள் இருக்கிறதும் இணையம் இருக்கிறதும் ஒண்ணு இல்லைன்னு 2021-ல இந்த நாடே கத்துக்கிட்டது. பிப்ரவரி 1-ஆம் தேதி ஆட்சிக் கவிழ்ப்பு. பிப்ரவரி 15-லேருந்து பல வாரங்கள் ராத்திரி 1 மணியிலிருந்து காலை 9 மணி வரை இணையமே நிறுத்தப்பட்டது. அதே மாசம் விக்கிப்பீடியாவும் முடக்கப்பட்டது. மார்ச்ல மொபைல் டேட்டாவும் போச்சு. 2025 ஜனவரி 1-ல வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம், அனுமதி இல்லாம விபிஎன் சேவை வழங்குறதைக் குற்றமாக்கியது.

இதோட கரண்ட். முறை வச்சுத்தான் வரும். வந்தா தெருவே "மீ லா ப்யீ!"ன்னு கத்தும். பர்மீஸ்ல "கரண்ட் வந்துடுச்சு"ன்னு அர்த்தம். உடனே மோட்டார் போடுவாங்க, சோறு வைப்பாங்க, போன் சார்ஜ் போடுவாங்க. அந்த நேரத்துல யாரும் மூளை டேட்டா டவுன்லோட் பண்ண உக்கார மாட்டாங்க.

இங்க எங்க சமூகத்துப் பிள்ளைங்க சிலர் மருத்துவமும் உயிரியலும் படிக்கிறாங்க. சாயங்காலம் சேர்ந்து படிக்க அனவ்ரதா சாலைக்குப் பக்கத்துல ஒரு மாடி அறை இருக்கு. அங்க ஆறேழு பழைய லேப்டாப்கள். நரம்பு செல்லைப் பாடப்புத்தகத்துல ஒரு கோட்டுப் படமா மட்டுமே பார்த்தவங்க அவங்க. உலகத்துல எல்லாருக்கும் திறந்து வச்ச டேட்டா இவங்களுக்கு மட்டும் மூடியே இருந்தது. பூட்டு போட்டது யாரும் இல்லை, குழாய்தான் சின்னது. அதான், டேட்டாவுல ஒரு துண்டை ஊருக்குள்ளயே கொண்டுவந்து வைப்போம்னு முடிவு பண்ணோம்.

எந்தத் துண்டு?

1.4 பீட்டாபைட்டைப் பத்தி யோசிக்கக்கூட வேணாம். நாங்க எடுத்தது பழைய, சின்ன, ஆனா நல்லாப் படிச்சு முடிக்கப்பட்ட ஒரு டேட்டா. நாராயணன் "பாபி" கஸ்தூரி, லிக்ட்மன் ஆய்வகத்துல இருந்தப்போ செய்தது. எலியோட மூளைப் புறணி. சுமார் 30 நானோமீட்டர் தடிமன்ல சீவி, சீவல்களை ஒரு டேப்பில் வரிசையாப் பிடிச்சு, படம் எடுத்தாங்க. 2015-ல செல் இதழ்ல கட்டுரை வந்தது. நியூரோகிளான்சரோட அறிமுகப் பக்கத்துலயே எடுத்துக்காட்டா நிக்கிற டேட்டாக்கள்ல இதுவும் ஒண்ணு. முகவரியில "கஸ்தூரி"ன்னு பார்த்ததும் எங்க பிள்ளைங்க முகத்துல வந்த சிரிப்பை நான் சொல்லணுமா என்ன!

ஒரு வாக்சல் 6×6×30 நானோமீட்டர். அதிலிருந்து 4,096×4,096×1,024 வாக்சல் உள்ள ஒரு கட்டியை எடுத்தோம். நிஜ அளவு, ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 25 முதல் 30 மைக்ரான். தலைமுடியோட தடிமன்ல மூணுல ஒரு பங்கு. ஒரு வாக்சலுக்கு ஒரு பைட்னா, மொத்தம் 16 ஜிபி. 10 எம்பிபிஎஸ்ல கிட்டத்தட்ட நாலு மணி நேரம், சுருக்கின வடிவத்துல இன்னும் கம்மி. 35 வருஷத்துக்கு இது எவ்வளவோ மேல்.

எடுக்கிறதுக்கு க்ளவுட்வால்யூம்னு ஒரு பைதான் கருவி இருக்கு. பிரின்ஸ்டன்ல செபாஸ்டியன் சியுங் ஆய்வகத்துல உருவானது. "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை"ன்னு கேட்டா அந்தக் கட்டி மட்டும் நம்பை வரிசையா கையில வரும். அதை அப்படியே உள்ளூர் டிஸ்க்ல ஒரு புது ப்ரீகம்ப்யூட்டட் ஃபோல்டரா எழுதிடலாம். துண்டு துண்டா எடுக்கிறதால, நடுவுல நெட் போனாலும் விட்ட இடத்துலேருந்து தொடரலாம். எங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

துண்டோட வடிவம்தான் வேகம்

புதுசா செய்றவங்க பெரும்பாலும் 64×64×64-ன்னு வச்சுட்டுப் போயிடுவாங்க. ஒரு துண்டு 256 கேபி. ஆனா நம்ம வாக்சல் கனசதுரம் இல்லையே! ஆழத்துல 30 நானோமீட்டர், அகலத்துல 6. அப்போ 64×64×64 துண்டு நிஜத்துல 384×384×1,920 நானோமீட்டர். அது மைசூர்பாகு இல்லை, முருங்கைக்காய்.

இதனால என்ன? 1920×1080 திரையில ஒரு குறுக்குவெட்டைப் பார்க்கணும்னா, அகலத்துக்கு 30, உயரத்துக்கு 17, மொத்தம் 510 துண்டு வேணும். சுருக்காம கிட்டத்தட்ட 128 எம்பி. பார்க்கிறது ஒரே ஒரு சீவல், ஆனா ஒவ்வொரு துண்டோடயும் 64 சீவல் சேர்ந்து வருது.

அதையே 128×128×16-ன்னு வெட்டினா, துண்டு அதே 256 கேபிதான். நிஜ அளவு 768×768×480 நானோமீட்டர், கிட்டத்தட்ட கனசதுரம். அதே திரைக்கு 15×9, அதாவது 135 துண்டு போதும். சுமார் 34 எம்பி. டேட்டா மாறலை, டிஸ்க் மாறலை, நெட்வொர்க் மாறலை. கத்தி போற திசையை மாத்தினதுக்கே கிட்டத்தட்ட நாலு மடங்கு லாபம்.

இன்னொரு விஷயம். ஹெச்டிடிபி 1.1-ல ஒரு பிரவுசர் ஒரு சர்வரோட ஒரே நேரத்துல வழக்கமா ஆறு இணைப்புதான் வச்சுக்கும். 510 கோரிக்கை ஆறு வரிசையில நிக்கிறதுக்கும் 135 நிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தூரத்துலேருந்து பார்க்க ஒரு பிரமிட்

முழுக் கட்டியையும் ஒரே பார்வையில பார்க்கணும்னா? எல்லாத் துண்டையும் கேட்டா செத்தோம். அதனால ஒவ்வொரு திசையிலும் பாதியாக்கின பிரதி, அதையும் பாதியாக்கின பிரதின்னு அடுக்கி வைக்கணும். கூகுள் மேப்ஸ்ல நாடு, மாவட்டம், தெருன்னு பெரிதாகுதே, அதே யோசனைதான். மூணு திசையிலும் பாதியாக்கினா அளவு எட்டுல ஒரு பங்காகும். அடுத்தது அறுபத்துநாலுல ஒரு பங்கு. எல்லா அடுக்கையும் கூட்டினாலும் கூடுதல் இடம் சுமார் 14 சதவீதம்தான். இவ்வளவு மலிவா இவ்வளவு வேகம் கம்ப்யூட்டர் உலகத்துல அதிகம் கிடைக்காது.

ஆனா நம்ம மாதிரி நீண்ட வாக்சல்கள்ல முதல் ரெண்டு அடுக்குக்கு ஆழத்தைத் தொடாம, அகலத்தையும் உயரத்தையும் மட்டும் பாதியாக்குறது நல்லது. 6, 12, 24-ன்னு போய் 30-க்குப் பக்கத்துல வந்தபிறகு மூணையும் சேர்த்துக் குறைக்கலாம். அப்போ இடம் கொஞ்சம் கூடும், படம் ஒழுங்கா இருக்கும். இந்த வேலையை இக்னியஸ்ங்கிற கருவி பார்த்துக்கும். நியூரான்களோட முப்பரிமாண உருவத்தையும் அதுவே செஞ்சு தரும்.

எதை அமுக்கலாம், எதைத் தொடவே கூடாது

சாம்பல் நிறப் படத்துக்கு ஜேபெக் சுருக்கம் போதும். கொஞ்சம் தெளிவு போகும், கண்ணுக்குத் தெரியாது, அளவு பல மடங்கு குறையும்.

ஆனா ரெண்டாவதா ஒரு அடுக்கு இருக்கு. ஒவ்வொரு வாக்சலும் எந்தச் செல்லுக்குச் சொந்தம்னு எண் போட்டு வச்ச செக்மென்டேஷன். அதை ஜேபெக்ல போட்டா தொலைஞ்சது. படத்துல 104-ம் 105-ம் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். செக்மென்டேஷன்ல 104 ஒரு நியூரான், 105 வேற நியூரான். பட்டா எண்ணை "ஏறக்குறைய சரி"ன்னு எழுத முடியுமா? அதனால இந்த அடுக்குக்கு இழப்பே இல்லாத சுருக்கம்தான். நியூரோகிளான்சருக்குன்னே "கம்ப்ரெஸ்டு செக்மென்டேஷன்"னு ஒரு முறை இருக்கு. பக்கத்துப் பக்கத்து வாக்சல்கள் பெரும்பாலும் ஒரே செல்லா இருக்கும்ங்கிறதைப் பயன்படுத்தி நல்லாவே சுருக்கும்.

சர்வர்னு சொல்ற அந்தப் பெட்டி

ஒரு செகண்ட் ஹேண்ட் மினி பிசி, ஒரு எஸ்எஸ்டி, ஒரு வைஃபை ரூட்டர். லினக்ஸ் மேல என்ஜின்எக்ஸ். வேற எதுவும் இல்லை. ஆனா சில இடத்துல கவனமா இருக்கணும்.

ஒண்ணு, கோர்ஸ். பார்வைக் கருவி ஒரு முகவரியிலயும் டேட்டா வேற முகவரியிலயும் இருந்தா, பாதுகாப்புக்காக பிரவுசர் தடுத்துடும். சர்வர் "யார் வேணும்னாலும் படிக்கலாம்"னு ஒரு ஹெட்டர்ல சொல்லணும்.

ரெண்டு, ஹெச்டிடிபிஎஸ். இணையத்துல இருக்கிற நியூரோகிளான்சர் பக்கம் ஹெச்டிடிபிஎஸ்ல ஓடுது. அதிலிருந்து சாதாரண ஹெச்டிடிபி சர்வரைக் கூப்பிட்டா பிரவுசர் விடாது. இது ரெண்டுக்கும் ஒரே மருந்து, நியூரோகிளான்சரையே இறக்கி, பில்ட் பண்ணி, அதே பெட்டியில வச்சுடுறது. அப்பாச்சி 2.0 உரிமம், யாரையும் கேக்க வேணாம். எங்களுக்கு இதுல இன்னொரு லாபம், வெளி இணையம் சுத்தமா இல்லைன்னாலும் எல்லாம் ஓடும்.

மூணு, ஜிசிப். முன்கூட்டியே ஜிசிப் பண்ணி வச்ச துண்டுகளைக் கொடுக்கும்போது, "இது ஜிசிப்"னு ஹெட்டர்ல சொல்லணும். இல்லேன்னா பிரவுசர் அதைப் பிரிக்காம அப்படியே படிக்கப் பார்க்கும், திரையில ஒண்ணும் வராது.

நாலு, கோப்பு எண்ணிக்கை. எங்க கட்டிக்கு முதல் அடுக்கு மட்டுமே 65,536 கோப்பு. எஸ்எஸ்டியில பரவாயில்லை. பென்டிரைவ்ல காப்பி எடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பணும்னா கண்ணுல ரத்தம் வரும். அதுக்கு ஷார்டிங். ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரே பெரிய கோப்புல அடுக்கி, உள்ளே ஒரு அட்டவணை வச்சுடுறது. பிரவுசர் "இந்தப் பைட்டிலிருந்து இந்தப் பைட் வரை"ன்னு கேட்கும். சர்வர் ரேஞ்ச் கோரிக்கைக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சதா இருந்தா போதும். என்ஜின்எக்ஸுக்கு அது பிறவியிலேயே தெரியும். புதுசா ஆரம்பிக்கிறவங்க ஓஎம்ஈ-சார் வடிவத்தையும் பாருங்க. நியூரோகிளான்சர் அதையும் படிக்கும், மத்த கருவிகளும் படிக்கும்.

கரண்ட் கணக்கு

மினி பிசி சுமார் 15 வாட், ரூட்டர் 10 வாட், மொத்தம் 25. ஒரு 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில 1,200 வாட்-மணி. பேட்டரி ஆயுசுக்காகப் பாதியை மட்டும் எடுத்தா 600. அப்போ 24 மணி நேரம் கரண்டே இல்லாம ஓடும். நிஜத்துல இன்வெர்ட்டர் கொஞ்சம் சாப்பிடும். அதனால முடிஞ்சா இன்வெர்ட்டர் இல்லாம நேரா டிசியிலேயே ஓட்டுங்க.

டேட்டா பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியா மவுன்ட் பண்ணிடணும். எழுதவே எழுதாத டிஸ்க், பாதி எழுதின நிலையில பவர் போய்க் கெட்டுப்போகாது. வால்யூம் சர்வர் படிக்க மட்டும்தானே! கிளவுட்ல இருக்கிறவங்க இதையெல்லாம் யோசிக்கத் தேவையில்லை. இங்க இது அரை வேலை.

தொட்டுக்கிட்டு இருக்கு, ஆனா...

முதல் வாரத்துல, ரெண்டாம் வருஷம் மருத்துவம் படிக்கிற ஒரு தங்கச்சி வந்து உக்காந்தா. மவுஸைச் சுழட்டினா. சீவல் சீவலா உள்ளே போச்சு.

"அண்ணா, இது நெட்ல இருந்தா வருது?"

"இல்லமா, அந்த அலமாரி மேல இருக்கிற பெட்டியில இருந்து."

அரை மணி நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கூப்பிட்டா. "இங்க பாருங்கண்ணா. இந்த ஆக்ஸான் இந்த முள்ளை ஒட்டிக்கிட்டே போகுது. ஆனா அந்தக் கறுப்புத் தடிப்பு இல்லை, சின்னச் சின்ன வட்டமும் இல்லை. சினாப்ஸ் இல்லையா?"

அந்த 2015 கட்டுரையோட முக்கியமான முடிவே இதுதான். ரெண்டு நரம்பு செல்கள் பக்கத்துல இருந்தா இணைஞ்சிருக்கும்னு ரொம்ப நாளா ஒரு அனுமானம் இருந்தது. கஸ்தூரி குழு ஒரு சின்னப் பகுதியில எல்லாத்தையும் முழுசாக் குறிச்சுப் பார்த்தப்போ, வெறும் அண்மை போதாதுன்னு தெரிஞ்சது. தொட்டுக்கிட்டே போகும், இணைப்பு இருக்காது. அந்தக் கட்டுரையை அவ படிச்சதில்லை, யாரும் சொல்லியும் கொடுக்கலை. டேட்டா கையில இருந்ததால அவளே அதைக் கேள்வியா எழுப்பிட்டா. பாடப்புத்தகத்துக் கோட்டுப் படத்துல இந்தக் கேள்விக்கு வழியே இல்லை. படம் வரைஞ்சவர் இணைப்பு இருக்கிற இடத்தை மட்டும்தான் வரைஞ்சிருப்பார்.

அதுக்கப்புறம் அவ கேட்ட அடுத்த விஷயம் எனக்கு இன்னும் பிடிச்சது. "பேரெல்லாம் தமிழ்லயும் போட முடியுமா? தம்பிங்களுக்குக் காட்டணும்." முடியும். ப்ரீகம்ப்யூட்டட் வடிவத்துல ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் ஒரு பெயர் ஒட்டலாம். அதுவும் ஒரு ஜேசான் கோப்புதான், யூனிகோட் எதுவானாலும் ஏத்துக்கும். இப்போ எங்க பெட்டியில ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்தா தமிழ், பர்மீஸ் ரெண்டுலயும் பேர் வருது. தமிழ் பேசத் தெரிஞ்சு, படிக்கத் திணறுற பிள்ளைங்கதான் இங்க அதிகம். உங்கள்ல பல பேருக்கும் இந்தக் கதை தெரியும்தானே! எழுத்துக்கூட்டிப் படிக்கிற முதல் தமிழ் வார்த்தை "டென்ட்ரைட் முள்"ளா இருந்தா தப்பா என்ன?

மூளையோட நிக்காது

இந்த ஊருக்கு இதே நுட்பம் இன்னொரு இடத்துலயும் தேவை. 2008 மே 2-ஆம் தேதி நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் தாக்கினது. இறந்தவங்களும் காணாமப் போனவங்களும் சேர்த்து சுமார் 1,38,000 பேர். அன்னிக்கு வங்காள விரிகுடா மேல காத்து எப்படிச் சுழன்றதுங்கிறது ஐரோப்பிய வானிலை மையத்தோட ஈஆர்ஏ5 டேட்டாவுல இருக்கு. 1940-லேருந்து, மணிக்கு ஒரு தரம், உலகம் முழுசுக்கும், 137 உயர அடுக்குகள்ல. அது பெரும் வால்யூம்.

அங்கயும் கத்தி எந்தத் திசையில போகுதுங்கிறதுதான் கேள்வி. ஒரு மணி நேரத்துக்கு உலகம் முழுசும் ஒரு துண்டுன்னு வெட்டி வச்சா, புயல் நாளோட உலகப் படத்தைப் பார்க்க வசதி. ஆனா "யாங்கூன் மேல கடந்த 80 வருஷத்துல மழைக்காலக் காத்து எப்படி மாறியிருக்கு?"ன்னு ஒரு மாணவர் கேட்டா, ஒரே ஒரு புள்ளிக்காக லட்சக்கணக்கான உலகத் துண்டுகளைத் திறக்கணும். வேகமான நெட் இருக்கிறவங்களுக்கு அது காத்திருப்பு. மெதுவான நெட் இருக்கிறவங்களுக்கு அது முடியவே முடியாத காரியம். டேட்டாவை எப்படி வெட்டுறோம்ங்கிறதுலயே, எந்தக் கேள்வியை யார் கேட்க முடியும்ங்கிற முடிவும் இருக்கு. இதை எழுதி வச்சுக்கோங்க. இந்தக் கடிதத்துல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்கணும்னா அது இதுதான்.

நீங்க என்ன பண்ணலாம்?

இந்த வார இறுதியில ரெண்டு மணி நேரம் இருந்தா: நியூரோகிளான்சரைத் திறந்து கஸ்தூரி டேட்டாவுல சும்மா சுத்துங்க. பிரவுசரோட டெவலப்பர் டூல்ஸ்ல நெட்வொர்க் பகுதியைத் திறந்து வச்சுக்கோங்க. நீங்க மவுஸை நகர்த்த நகர்த்த எந்தெந்தத் துண்டு வருதுன்னு நேராவே பார்க்கலாம். நான் இவ்வளவு வார்த்தையில சொன்னது ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிடும்.

ஒரு நாள் முழுக்க இருந்தா: க்ளவுட்வால்யூம் போட்டு ஒரு சின்னக் கட்டியை எடுத்து, உங்க லேப்டாப்லயே ஒரு சர்வர் ஓட்டுங்க. துண்டு வடிவத்தை மாத்தி மாத்தி வேகத்தை அளந்து பாருங்க.

நிறைய நேரமும் பொறுமையும் இருந்தா: சியுங் குழு 2012-ல ஆரம்பிச்ச ஐவயர் விளையாட்டுல சேருங்க. நியூரான்களை ஒழுங்கா இணைக்கிற வேலை. ஃப்ளைவயர் வரைபடத்தைத் திருத்தினதுல விஞ்ஞானிகளோட சாதாரண ஆட்களும் இருந்தாங்க. அதுக்கு டிகிரி தேவையில்லை, கண் வேணும்.

உங்க ஆய்வகத்துலயோ ஆபீஸ்லயோ பெரிய டேட்டாவை வெளியிடுற இடத்துல நீங்க இருந்தா, ஒரே ஒரு வேண்டுகோள். முழு டேட்டாவோட சேர்த்து, 10, 20 ஜிபியில ஒரு சின்னக் கட்டியையும் தனியா வெளியிடுங்க. பிரமிடோட, பெயர்களோட, ஒரே ஷார்ட் கோப்பா. உங்களுக்கு அது ஒரு மத்தியான வேலை. பேட்டரியில ஓடுற ஒரு பெட்டிக்கும், அதைச் சுத்தி உக்காந்திருக்கிற ஏழு பேருக்கும் அதுதான் முழு மூளை.

செட்டப் பத்தி சந்தேகம் இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. என்ஜின்எக்ஸ் கட்டமைப்புக் கோப்பு வேணும்னா அனுப்புறேன், மொத்தமே இருபது வரிதான். பதில் கொஞ்சம் தாமதமானா கோச்சுக்காதீங்க. கரண்ட் வந்ததும் எழுதுறேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!